ஒரு கை, ஆயிரம் யந்திரம்

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில், கம்ப்யூட்டர் துறைத் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை.)



என் தகப்பனார் இருபத்தாறு வருஷம் ரிங் பிரேமில் நின்றவர். நான் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு எத்தனை யந்திரம்?" சம்பளத்தைப் பற்றி அப்புறம்தான் கேட்டார். "இப்போதைக்கு முப்பது அப்பா, போகப் போகக் கூடும்" என்றேன். இன்று எங்கள் குழுவில் ஆறு பேர். யந்திரங்களோ ஆயிரத்துக்கு மேல். இரவு ஷிப்டில் ஒரே ஓர் ஆள்.

"ஆயிரம் யந்திரத்தை ஓர் ஆள் எப்படியடா பார்ப்பான்?" என்றார் அவர். அவருக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்று உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவு செய்து விடுவோம். 'கிளவுட்', அதாவது மேகம், என்று பத்திரிகைகளில் படிக்கிறீர்கள். வானத்தில் ஒன்றும் கிடையாது. பெரிய பெரிய கொட்டகைகளில், குளிரூட்டிய அறைகளில், அடுக்கடுக்காகக் கம்ப்யூட்டர்கள் ஓடிக் கொண்டிருக்கின்றன. சொந்தக்காரன் ஒருவன்; வாடகைக்கு எடுப்பவன் வேறொருவன். அமேசான் கம்பெனி இந்த வாடகை வியாபாரத்தை 2006ல் ஆரம்பித்தது. அதன் கொட்டகைகள் 2016 முதல் பம்பாயிலும், 2022 முதல் ஹைதராபாத்திலும் உண்டு. யந்திரத்தை மணிக் கணக்கில், ஏன், விநாடிக் கணக்கில் கூட வாடகைக்கு எடுக்கலாம். காலையில் பத்து, மத்தியானம் ஆயிரம், ராத்திரி மறுபடியும் பத்து. திருப்பிக் கொடுக்க மறந்தால் பில் ஏறிக் கொண்டே போகும். அது தனிக் கதை.

இப்படி எடுத்த ஒவ்வொரு யந்திரத்திலும் எந்தெந்த ஸாப்ட்வேர் இருக்க வேண்டும், எந்தக் கதவு திறந்திருக்க வேண்டும், யார் யாரிடம் சாவி இருக்க வேண்டும் என்றெல்லாம் ஒரு ஏற்பாடு உண்டு. அதைத்தான் 'கான்பிகரேஷன்' என்கிறார்கள். நாம் 'அமைப்பு' என்று வைத்துக் கொள்வோம். முன்பெல்லாம் இதைக் கையால் செய்தார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் முப்பது வரி எழுதியிருக்கும். ஒவ்வொரு யந்திரமாகப் போய் முப்பது வரியையும் தட்ட வேண்டும். பத்தாவது யந்திரத்தில் கண் சொருகும். பதினோராவதில் ஒரு வரி விட்டுப் போகும்.

விட்டுப் போனால் என்ன? அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

நைட் காபிடல் என்று ஒரு பங்கு வியாபாரக் கம்பெனி. 2012 ஆகஸ்டு 1ந் தேதிக்காக அவர்கள் தங்கள் எட்டு யந்திரங்களில் புது ஸாப்ட்வேர் ஏற்றினார்கள். ஏற்றியவர் ஏழில் ஏற்றினார்; எட்டாவது விட்டுப் போயிற்று. அதிலே, உபயோகத்தில் இல்லாத பழைய ஸாப்ட்வேர் ஒன்று தூங்கிக் கொண்டிருந்தது. சந்தை திறந்ததும் அது விழித்துக் கொண்டு, யாரும் கேட்காத பங்குகளை வாங்கியும் விற்றும் தள்ளியது. 45 நிமிஷத்தில் கம்பெனிக்கு நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்! இன்னும் கேளுங்கள். கோளாறு எங்கே என்று தெரியாமல், சரியாக இருந்த ஏழு யந்திரங்களிலிருந்து புது ஸாப்ட்வேரைக் கழற்றினார்கள். நோய் எட்டுக்கும் பரவியது. அன்று காலை சந்தை திறக்கும் முன்பே, கோளாறைச் சுட்டி அந்த யந்திரமே 97 கடிதங்களைக் கம்பெனி ஆட்களுக்கு அனுப்பியிருக்கிறது. பார்ப்பாரில்லை.

அமெரிக்க சர்க்காரின் பங்குச் சந்தைக் கமிஷன் விசாரித்து, 2013ல் அபராதம் போட்டது. அந்த உத்தரவில் எனக்கு முக்கியமாகப் பட்ட இடம் ஒன்றுண்டு: ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்கிற எழுதப்பட்ட ஏற்பாடே அந்தக் கம்பெனியில் கிடையாது. அந்த ஒற்றை ஆளின் கையை மட்டும் குற்றம் சொல்லிக் கமிஷன் முடிக்கவில்லை.

சரி, கைவேலைக்கு இந்தக் கதி. மாற்று என்ன?

1993ல் நார்வே தேசத்து ஆஸ்லோ சர்வகலாசாலையில் மார்க் பர்ஜஸ் என்ற பௌதிக விஞ்ஞானி இருந்தார். பௌதிகத் துறையிலிருந்த கம்ப்யூட்டர்களை மேய்க்கிற வேலையும் அவர் தலையில் விழுந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஜாதி யந்திரம். அலுத்துப் போய், அந்த வேலையைத் தானே செய்யும் ஸாப்ட்வேர் ஒன்றை எழுதினார். சிஎப்என்ஜின் என்று பெயர். பிறகு 2005ல் பப்பெட், 2009ல் செஃப், 2011ல் சால்ட், 2012ல் ஆன்சிபிள் என்று வரிசையாக வந்தன. பெயர்களைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஒன்று பொம்மலாட்டப் பொம்மை, ஒன்று சமையல்காரர், ஒன்று உப்பு! சமையல்காரர் பெயர் கொண்டதில் நாம் எழுதும் உத்தரவுக்குச் 'சமையல் குறிப்பு' என்றே பெயர். உப்பில், உத்தரவு போடும் யந்திரத்துக்கு 'எஜமான்', கேட்டு நடக்கும் யந்திரத்துக்கு 'எடுபிடி' என்ற அர்த்தத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இவை எப்படி வேலை செய்கின்றன? வயல் வேலை செய்கிற தோழர்களுக்கு ஒரு நொடியில் விளங்கும். நீர் பாய்ச்சுகிறவரிடம் நாம் இரண்டு விதமாகச் சொல்லலாம். "மடையைத் திற" என்று சொல்லலாம். அதையே ஒருவர் காலையில் சொல்லி, தெரியாமல் இன்னொருவர் மத்தியானமும் சொன்னால் வயல் மூழ்கும். அல்லது, "வயலில் நாலு விரல் தண்ணீர் நிற்க வேண்டும்" என்று சொல்லலாம். இதைப் பத்துத் தடவை சொன்னாலும் மோசமில்லை. நாலு விரல் இருந்தால் அவர் சும்மா வந்து விடுவார், குறைந்தால் திறப்பார், கூடினால் வடிப்பார். இந்த ஸாப்ட்வேர்களின் சூட்சுமம் அந்த இரண்டாவது விதம்தான். செய்ய வேண்டிய காரியங்களை ஒவ்வொன்றாகச் சொல்வதை விட்டு, யந்திரம் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை எழுதி வைக்கிறோம். ஆயிரம் வயலுக்கும் அந்த ஒரே காகிதம் போதும்.

இதனால் நன்மை உண்டா? உண்டு; மறைப்பானேன்? நான் சேர்ந்த புதிதில் ஒரு யந்திரம் செத்துப் போனால், அதே போல் இன்னொன்றைத் தயார் செய்ய இரண்டு நாள் ஆகும். அதிலிருந்த அமைப்பு அதைக் கட்டியவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வேலையை விட்டுப் போயிருப்பார். இப்போது எழுத்தில் இருக்கிறது. புது யந்திரம் இருபது நிமிஷத்தில் தயார். யார் எந்த வரியை என்றைக்கு மாற்றினார் என்பதும் பதிவாகியிருக்கிறது. முன்பு சில மூத்தவர்களின் மண்டைக்குள் பூட்டிக் கிடந்த தொழில் ரகசியம் இப்போது குழு முழுவதற்கும் பொதுச் சொத்து. நேற்றுச் சேர்ந்த பெண் கூடப் படித்துப் புரிந்து கொள்கிறாள். இதை நான் பெரிய லாபமாகவே கருதுகிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. முன்பு யந்திரங்களைச் செல்லப் பிராணி மாதிரி பெயர் வைத்து வளர்த்தோம், இப்போது மந்தை மாடு மாதிரி எண் போட்டு வைத்திருக்கிறோம், ஒன்று நோயில் விழுந்தால் தள்ளிவிட்டு இன்னொன்று வாங்குகிறோம் என்பார்கள். மாட்டுக்குப் பெயர் வைக்காத குடியானவனை இந்தப் பேச்சைக் கண்டுபிடித்தவர் பார்த்திருக்க மாட்டார் போலும்!

இனி, கஷ்டத்துக்கு வருகிறேன்.

ஓர் இரவு வாடிக்கைக்காரர் ஒருவரின் சர்வருக்கு ஆள் வர முடியவில்லை. ஒரு கதவு மூடியிருக்கிறது. நான் உள்ளே போய்க் கையால் திறந்து விட்டேன். எல்லாம் சரியாயிற்று. அரை மணி கழித்து மறுபடியும் மூடியிருக்கிறது! மறுபடி திறந்தேன். மறுபடி அரை மணி, மறுபடி மூடல். பேய் பிடித்தது போல் இருந்தது. மூன்றாம் தடவைதான் உறைத்தது. பப்பெட் என்ற அந்த ஸாப்ட்வேர், வேறு விதமாகச் சொல்லாத வரை, 30 நிமிஷத்துக்கு ஒரு முறை வந்து பார்க்கும். "காகிதத்தில் மூடு என்று இருக்கிறது, இங்கே திறந்திருக்கிறதே!" என்று மூடிவிட்டுப் போகும். நீர் பாய்ச்சுகிறவர் மேல் தப்பில்லை. காகிதத்தை நான் மாற்றவில்லை. காகிதத்தை மாற்றவோ மேலதிகாரி ஒருவர் சம்மதிக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் தூங்குகிறார். அன்று விடிகிற வரை அரை மணிக்கு ஒரு தரம் நான் கதவைத் திறந்து கொண்டிருந்தேன்.

இன்னொரு தொல்லை. ஆன்சிபிளில் உத்தரவு எழுதும்போது வரி எவ்வளவு உள்ளே தள்ளி ஆரம்பிக்கிறது என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும். ஓர் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் உத்தரவு உடைந்து போகும், அல்லது வேறொன்றாகி விடும். அந்த எழுத்து முறையின் பழைய விதிப்படி 'நோ' என்ற இரண்டு எழுத்தை மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால், யந்திரம் அதை 'இல்லை' என்று எடுத்துக் கொள்ளும். நார்வே தேசத்தின் சுருக்கக் குறியும் அதே இரண்டு எழுத்துத்தான். தேசங்களின் பட்டியலில் ஒரு முழு தேசம் 'இல்லை' ஆகிவிடும்! இந்த வேலை முதன்முதல் சுலபமானதே நார்வேயில்தான் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் அதைத் தேடி இரண்டு மணி நேரம் விழித்தவனுக்கு வேடிக்கை அல்ல.

இதெல்லாம் சில்லறைக் கஷ்டம். பெரிய விஷயம் வேறு. நாலு விரல் தண்ணீர் என்ற காகிதம் நெல் வயலுக்குச் சரி. அதே காகிதம் தப்பித் தவறி நிலக்கடலைக் காட்டுக்குப் போனால்? ஒரு காடு போனால் ஒரு குடும்பத்தின் போகம் போகும். ஆயிரம் காட்டுக்கும் ஒரே நொடியில் போனால்? கைவேலைக் காலத்தில் தப்பு மெதுவாக நடந்தது. மூன்றாவது யந்திரத்தில் புகை வந்தால் நாலாவதைத் தொட மாட்டோம். இப்போது சரியான உத்தரவு எவ்வளவு வேகமாகப் போகிறதோ, தப்பான உத்தரவும் அவ்வளவு வேகமாகப் போகிறது.

2017 பிப்ரவரி 28ந் தேதி. அமெரிக்காவில் வடக்கு வர்ஜீனியாவிலுள்ள அமேசான் கொட்டகைகள். எஸ்-3 என்ற சேமிப்புக் கிடங்கின் பில் போடும் பகுதி மெதுவாக ஓடுகிறது என்று, அதைப் பழுது பார்க்க ஒரு தொழிலாளி வந்தார். அதிகாரம் பெற்றவர், எழுதி வைத்த முறைப்படியே வேலை செய்தார். சில சர்வர்களை மட்டும் எடுக்க வேண்டும். கட்டளையில் ஒன்று தப்பாக விழுந்தது. நினைத்ததை விட மிக அதிகமான சர்வர்கள் எடுபட்டன. நாலு மணி நேரத்துக்கு மேல் அந்தக் கிடங்கு சரியாக இயங்கவில்லை. அதை நம்பியிருந்த கடைகள், பத்திரிகைகள், பள்ளிக்கூட வேலைகள் எல்லாம் தடுமாறின. 'இங்கே கோளாறு' என்று ஜனங்களுக்குச் சொல்ல வைத்திருந்த அறிவிப்புப் பலகையைக் கூட இரண்டு மணி நேரம் மாற்ற முடியவில்லை. அந்தப் பலகையும் அதே கிடங்கை நம்பித்தான் இருந்தது!

பிறகு கம்பெனி என்ன செய்தது? கருவியைத் திருத்தினார்கள். இனி அது சர்வர்களை மெதுவாகத்தான் எடுக்கும். குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே போகும் என்றால் மறுத்து விடும். கோளாறு நடந்த பிறகுதான் இது வந்தது. தறியில் நூல் அறுந்தால் தறி தானாக நிற்பதற்கு ஒரு சாதனம் உண்டு என்பது இங்கே தறிக்காரர்களுக்குத் தெரியும். அவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் கொட்டகையில், அந்தக் கருவிக்கு அப்படி ஒரு சாதனம் அன்று வரை இல்லை.

புது விதை வந்தால் முதல் போகத்திலேயே ஊர் முழுக்க விதைப்போமா? ஒரு மூலையில் விதைத்துப் பார்ப்போம். 2024 ஜூலை 19ந் தேதி கிரௌட்ஸ்டிரைக் என்ற கம்பெனி தன் காவல் ஸாப்ட்வேருக்கான ஒரு சிறு கோப்பை ஒரே வீச்சில் உலகமெங்கும் அனுப்பியது. 78 நிமிஷத்தில் தப்பைக் கண்டு திருப்பிக் கொண்டார்கள். அதற்குள் 85 லட்சம் யந்திரங்கள் படுத்து விட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் கூடப் பிரயாணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கெடுத்தது ஒரு கோப்பு. எழுப்பியதோ தொழிலாளிகளின் கைகள். பெரும்பாலான யந்திரங்களுக்கு முன்னால் ஓர் ஆள் போய் நின்று சரி செய்ய வேண்டி வந்தது.

இப்போது என் சொந்தக் கதை. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

இரவு ஷிப்டு. தனி ஆள். பரீட்சைக்கு வைத்திருக்கும் 12 யந்திரங்களில் ஒரு மாற்றம் செய்ய வேண்டும். ஆன்சிபிளில் கட்டளை கொடுக்கும்போது "இவற்றில் மட்டும்" என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், உத்தரவுக் காகிதத்தில் குறித்த அத்தனை யந்திரத்துக்கும் போய்விடும். அது கேள்வி கேட்காது. அன்று அந்த வார்த்தை விட்டுப் போயிற்று. திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. பன்னிரண்டு தாண்டியது. இருபது, நாற்பது. என் கை நடுங்கியது. நிறுத்துவதற்குள் 340 யந்திரங்கள். அயல்நாட்டு வாடிக்கைக்காரரின் கடைகளில் ஐம்பது நிமிஷம் பில் போட முடியவில்லை.

மறுநாள் மானேஜர் விளக்கம் கேட்டு எழுதினார். அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் இரண்டே வார்த்தை: "மனிதத் தவறு." உங்கள் மில்லில் விரல் போனால் 'கவனக் குறைவு' என்று எழுதுவார்களே, அதே எழுத்துத்தான்! தப்பு என் கையால் நடந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிக்கையில் எழுதாதது எவ்வளவு! அந்த மாதம் அது எனக்கு ஒன்பதாவது இரவு. சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை. 'செய்யாமல் செய்து காட்டு' என்று கேட்டால், என்ன மாறும் என்று முன்கூட்டிக் காட்டுகிற வசதி அந்த ஸாப்ட்வேரிலேயே இருக்கிறது. நேரமாகிறது என்று அதை உபயோகிக்க விடுவதில்லை. பத்துப் பத்தாகப் போ, இத்தனை பழுதானால் நின்று விடு என்று எழுதவும் வழி இருக்கிறது, யாரும் எழுதவில்லை. வேகம்தான் கணக்கில் ஏறியது.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நிறுத்துகிற கைப்பிடி எங்கே இருந்தது?" என்று மட்டும் கேட்டார். நான் முழித்தேன். அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்றே எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

எங்கள் ஆறு பேரும் உட்கார்ந்து ஒரே காகிதமாக எழுதிக் கொடுத்தோம். கட்டளை ஓடும் முன் "இத்தனை யந்திரம், சரிதானா?" என்று கேட்க வேண்டும், அந்த எண்ணை ஆள் தன் கையால் தட்டினால்தான் ஓட வேண்டும். முதலில் பத்தில் ஓடி, பழுதில்லை என்றால்தான் அடுத்த நூறுக்குப் போக வேண்டும். முன்கூட்டிப் பார்க்காமல் எந்த மாற்றமும் கூடாது, எவ்வளவு அவசரமானாலும். ராத்திரியில் காகிதத்தை மாற்ற ஷிப்டில் இருப்பவருக்கே அதிகாரம் வேண்டும். இரவில் இரண்டு ஆள் வேண்டும்.

இதற்கிடையில் இன்னொன்றையும் சொல்லி விடுகிறேன். இந்த ஸாப்ட்வேர்களில் பெரும்பாலானவை யாரும் எடுத்து உபயோகிக்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைக்கப்பட்டவை. உலகெங்கும் ஆயிரக் கணக்கானோர் கூலியில்லாமல் திருத்திச் சேர்த்தார்கள். ஆன்சிபிளை 2015ல் ரெட் ஹாட் கம்பெனி வாங்கியது. 2019ல் ரெட் ஹாட்டையே ஐபிஎம் வாங்கியது. வாடகை யந்திரங்களை எடுக்கவும் கொடுக்கவும் உதவும் டெர்ராபார்ம் என்ற ஸாப்ட்வேருக்கு, அதன் சொந்தக்காரக் கம்பெனி 2023 ஆகஸ்டில் உரிமை விதியை மாற்றி, போட்டிக்கு உபயோகிக்கக் கூடாது என்று வேலி போட்டது. உழைத்தவர்கள் சும்மா இருக்கவில்லை. வேலி போடுவதற்கு முன்பிருந்த பிரதியை எடுத்து, ஓபன்டோபு என்ற பெயரில் தனியாக நடத்துகிறார்கள். அதற்கும் நான் மாறிப் பார்த்தேன். என் அனுபவத்தில் ஒரு மத்தியான வேலைதான்.

எங்கள் காகிதம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எண்ணைத் தட்டும் ஏற்பாடு மூன்று வாரத்தில் வந்து விட்டது. பத்து, பிறகு நூறு என்பதும் வந்தது. எங்களில் இருவரே உட்கார்ந்து எழுதினோம், கம்பெனிக்குச் செலவில்லை. அதற்குப் பிறகு இரண்டு தடவை என் கை தவறியிருக்கிறது. இரண்டு தடவையும், "340 யந்திரம், சரிதானா?" என்று அது கேட்டது, நான் நிறுத்திக் கொண்டேன். முன்கூட்டிப் பார்ப்பது பகலில் நடக்கிறது. ராத்திரி அவசரத்தில் இன்னமும் தவறிப் போகிறது. காகிதத்தை மாற்றும் அதிகாரம் பாதி கிடைத்தது. இப்போது மேலதிகாரிக்குப் போன் போட்டு எழுப்பலாம்.

இரவில் இரண்டாவது ஆள் மட்டும் வரவில்லை. "அதற்குத்தானே கருவியைத் திருத்தியாயிற்று" என்கிறார்கள். அடுத்த மாதம் மறுபடியும் எழுதிக் கொடுக்கிறோம். இந்தத் தடவை பக்கத்துக் குழுவினர் பதினோரு பேரும் கையெழுத்துப் போடுகிறார்கள்.

கேள்வி இருக்கிற தோழர்கள் கேளுங்கள். ஒன்பதரை பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். இன்று எனக்கு இரவு ஷிப்டு.